பன்னிரண்டு குழாய் சேறு

முத்தமிழ் ஃபிரிட்ஜைத் திறந்தபோது நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பரிசு வாங்க மேடைப் பக்கம் நிற்கிறவன் நிற்பானே, அந்த நிற்பு. அவள் தன் அம்மா ஊரான பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூர் வந்து பஸ் மாறி அரியலூரில் இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தோளில் பை அப்படியே தொங்குகிறது, முந்தானையெல்லாம் ரோட்டுப் புழுதி. நேராகச் சமையல்கட்டுக்குப் போய்க் குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தாள். அங்கே அரைக்கட்டு முளைக்கீரையும் ஒரு கிண்ணம் தயிரும்தான் இருந்தன.

“ஏங்க, குழாயெல்லாம் எங்க?”

“பத்திரமா இருக்கு. இப்படி வா” என்று கூடத்துக்குக் கூட்டிவந்து அலமாரியைக் காட்டினேன். பன்னிரண்டு பழுப்புக் காகிதக் கவர். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நீலப் பென்சிலில் எண். வாயை மூன்று மடிப்பாக மடித்துக் குண்டூசி குத்தி, ஒரே அளவில் சாய்த்து அடுக்கி வைத்திருந்தேன். “கரண்ட் போயி ஃபிரிட்ஜ் சூடாயிடுச்சு, முத்து. உன் சேறு கெட்டுப்போவப் பாத்துச்சு. விடுவனா நான்? காயவெச்சு, இடிச்சு, சலிச்சு வெச்சுட்டேன். மாவாட்டம் இருக்கு பாரு. துளி நாத்தம் கெடையாது.”

அவள் ஒன்றாம் எண் கவரை எடுத்துக் குண்டூசியைப் பிடுங்கினாள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். சாம்பலும் பழுப்புமான தூள் நகக்கண்ணில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு தோளில் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த நாத்தந்தாங்க எனக்கு வேணும்” என்றாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சாமிதுரை. சிமெண்டு ஆலையில் சாம்பிள் ரூம் வேலை, பதினெட்டு வருஷம். சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் வரும். உடைப்போம், அடுப்பில் காயவைப்போம், அரைப்போம், சலிப்போம். தூளைக் கூம்பாகக் குவித்து, தலையைத் தட்டி, தகட்டால் நாலாக வகுந்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைக் கொட்டிவிடுவோம். மிச்சம் கவருக்குள் போய்க் கெமிஸ்டு மேஜைக்குப் போகும். சாம்பிளில் ஈரம் இருந்தால் போச்சு, அந்தக் கவர் திரும்பி வந்து நம் மூஞ்சியில் விழும். ஈரம்தான் எங்களுக்குச் சனியன். கவரின் பின்பக்கம் எந்த மணிக்குக் கைக்கு வந்தது, எந்த மணிக்குக் காய்ந்தது, யார் கை பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கல் கைக்கு வராமல் கவரில் மணி போடக் கூடாது. அது எங்கள் அறையில் கொலைக்குற்றம். என்னோடு வேலை பார்க்கும் மாயவன் ஒருமுறை சினிமாவுக்குப் போகிற அவசரத்தில் நாலு கவருக்கு முன்கூட்டியே மணி எழுதிவைத்தான். நான் நாலையும் கிழித்துப்போட்டு, அவனைச் சுரங்கத்துக்கு நடத்தியே அனுப்பி மறுபடி கல் எடுத்துவரச் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

முத்தமிழ் கடலடிச் சேற்றில் ஆராய்ச்சி செய்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு படித்த படிப்பு. நான்தான் படிக்க வைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். அவளுக்கு வந்த உதவித்தொகைதான் படிக்க வைத்தது என்பது எனக்கும் தெரியும். வாரத்தில் நாலு நாள் கடலோரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் தங்கிவிடுவாள். சாம்பிள் ரூமில் என்னை ‘டாக்டரம்மா வூட்டுக்காரர்’ என்பார்கள். “அண்ணே, அண்ணி டாக்டரானா நமக்கெல்லாம் ஓசியில ஊசி போடுவாங்களா?” என்பான் மாயவன். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வரும்போது எனக்குள் என்னவோ உறுத்தும். அவளுடைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினால் ஒரு வரி விளங்காது. அவள் பொறுமையாகச் சொல்லித்தருவாள். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், சித்திரை பிறந்த சமயம். அவளுடைய பல்கலைக்கழகத்தில் குளிரறை பழுதாகிவிட்டது. ஆளாளுக்குச் சாம்பிளைப் பிரித்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இவள் தன் பன்னிரண்டு குழாயைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மடியில் குழந்தையைப்போல வைத்துக்கொண்டு பஸ்ஸில் அரியலூர் கொண்டுவந்தாள். முழங்கை நீளத்துக்கு ஒளி ஊடுருவும் குழாய். உள்ளே மைபோலக் கருத்த சேறு, இரண்டு பக்கமும் மூடி, மூடிமேல் டேப்பு. ஒரு வாரம் நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கட்டும் என்றாள். மறுநாளே பூலாம்பாடியிலிருந்து சேதி: அவள் அம்மா மருதாயி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. புதன்கிழமை காலை கிளம்பும்போது முத்தமிழ் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம். “குளிர் மட்டும் போவக் கூடாதுங்க. மூடியைத் தொறக்கவே கூடாது.” ஒரு சீட்டில் பூலாம்பாடி மளிகைக் கடை போன் நம்பரை எழுதி என் சட்டைப்பையில் அவளே செருகினாள். “ஏதாச்சும்னா கூப்புடுங்க. கூப்புட்டா ஓடியாந்து எடுப்பேன்.”

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை பத்து மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் படாரென்று வெடித்தது. லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “நாளன்னைக்குத்தான்” என்று சொல்லிச் சைக்கிளை மிதித்தார். ஒரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்தேன். குழாய்களின்மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. ஒரு குழாயின் டேப்பு நெகிழ்ந்து, குப்பென்று அழுகிய முட்டை நாற்றம். அடக் கடவுளே, கெட்டுப்போகிறதே! குளிர் போகக் கூடாது என்றாளே, குளிர் போய்விட்டது. ஈரமான சாம்பிள் கெடுகிறதென்றால் என்ன செய்வது? காயவைப்பது. பதினெட்டு வருஷமாக அதைத்தானே செய்கிறேன்.

அன்றைக்கு நான் போன் செய்யவில்லை. இதை எந்தப் பூச்சும் பூசாமல் எழுதுகிறேன். எஸ்.டி.டி. பூத்து எங்கள் வீட்டிலிருந்து எட்டாவது கடை. சீட்டு சட்டைப்பையில் இருந்தது. வாசல்வரைக்கும் போனேன். போய்க் கேட்டால் அவள் அந்தப் பொறுமையான குரலில் சொல்லித்தருவாள். சாம்பிள் விஷயத்தில்கூடவா நான் இவளிடம் கேட்க வேண்டும்? எனக்குத் தெரியாதா? செருப்பைக் கழற்றிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன்.

சுத்தமாகத்தான் செய்தேன். எவர்சில்வர் தாம்பாளங்களைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். குழாய்க்கு ஒரு தாம்பாளம், கலந்துவிடக் கூடாதே. ஒன்றரை மணிக்கு முதல் குழாய். கருஞ்சேற்றைக் கரண்டிக்காம்பால் தள்ளி மெல்லியதாகப் பரப்பினேன். மூன்றாவது தாம்பாளத்தை வெயிலில் வைத்து நிமிர்ந்தேன். கீழே சமையல்கட்டில் ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் வருகிறதென்று அன்றைக்கே டிரான்ஸ்பார்மரை மாற்றிவிட்டார்களாம். மணி பார்த்தேன், மூன்றேகால். கீழே ஒன்பது குழாய் மூடியோடு இருந்தன. மறுபடி குளிர் வந்துவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மூன்றைச் செய்தாகிவிட்டது, ஒன்பதை விட்டால் அரைகுறை வேலை. அரைகுறை வேலை என்றால் எனக்கு ஆகாது. ஒவ்வொன்றாக எடுத்துவந்தேன். ஆறு மணிக்குள் பன்னிரண்டும் மாடியில் வரிசையாகக் காய்ந்தன. நாற்றம் போகப் போக எனக்கு மனசு குளிர்ந்தது.

இப்போது அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“கரண்ட் எவ்ளோ நேரமுங்க இல்ல?”

“ரெண்டு நாளு” என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. “ஒரு நாள் முழுக்கப் பொறுத்துப் பாத்தேன். வெள்ளிக்கெழம நாத்தம் தாங்கல. அப்புறந்தான் தொறந்தேன். எப்புடியும் கெட்டுத்தான் போயிருக்கும்.”

“போன் பண்ணிருக்கலாம்ல?”

“பூத்துலயும் கரண்ட் இல்லியே.”

அவள் தலையாட்டினாள். நம்பினாள்.

“எதுல இடிச்சீங்க?”

“மொளகு இடிக்கிற இரும்பு உரல்ல. நல்லா கழுவிட்டுத்தான்.”

“இரும்பு உரல்லயா? நான் அளக்கறதே இரும்புதாங்க” என்றாள். சிரிப்புப்போல ஒன்று வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. “கடலுக்கு அடியில காத்தே படாம கெடக்குற சேறு அது. காத்து பட்டா கந்தகம் போயிரும், இரும்பு வேற ஒண்ணா மாறிரும், கருப்பு வெளுத்துரும். அதுக்காகத்தான் படகுலயே மூடிபோட்டு டேப்பு ஒட்டுனோம். காத்து படாததுக்காகத்தான் இம்புட்டுப் பாடும்.” ஆலைப் பழக்கத்தில் தூளை நாலாக வகுந்து பாதியைக் கொட்டிவிட்டேன் என்பதையும் சொல்லவேண்டியதாயிற்று. எங்கே என்றாள். முருங்கை மரத்தடியில் என்றேன். போய்ப் பார்த்தாள். என்ன பார்க்க இருக்கிறது? மண்ணோடு மண்.

முகம் கழுவிக்கொண்டு பூத்துக்குப் போய்த் தன் பேராசிரியை கண்ணகி மேடத்திடம் பேசினாள். நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். திரும்பி நடக்கும்போது சொன்னாள். “மேடம் திட்டவே இல்லங்க. அதான் பயமா இருக்கு.” ஆகஸ்டோடு அவளுடைய ஆராய்ச்சிக் கெடு முடிகிறது. அதற்குள் இன்னொரு படகு கிடைக்காது. மேடம் ஒரே ஒரு வழி சொல்லியிருக்கிறார். அதே இடங்களில் எடுத்த ஜோடிக் குழாய்களை படகு கரைக்கு வந்த முதல் நாளே பல்கலைக்கழகத்தில் பிரித்து அளந்துவிட்டார்கள். அந்தக் கணக்கு கையில் இருக்கிறது. இந்தத் தூளையும் அளந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சூட்டிலும் காற்றிலும் விட்ட சேறு என்னென்ன ஆகிறது என்று ஒரு அத்தியாயம் எழுதலாம். இரும்புக் கணக்கு போனது போனதுதான், மற்றதாவது மிஞ்சும். “ஆனா எல்லாத்தையும் மணி மணியா எழுதணுமாம். எப்ப கரண்ட் போச்சு, எப்ப வந்துச்சு, எந்தக் குழாய எப்பத் தொறந்தாங்கன்னு. அதுல ஒண்ணு தப்பா இருந்தாலும் மொத்தமும் குப்பைன்னு சொல்லிட்டாங்க. ஆமால்ல? நாளைக்குக் காலையில நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

எனக்கு அன்று மதியம் இரண்டு மணி ஷிப்ட். வழியெல்லாம் ஒரே யோசனை. அந்தக் கவர்களின் பின்பக்கம்! கை பழக்கத்தில் ஒவ்வொன்றின் பின்னாலும் நிஜ மணியை எழுதியிருக்கிறேனே. வியாழன் 1.30, வியாழன் 2.10, வியாழன் 2.55, கீழே சா.து. என்று கையெழுத்து வேறு. அவள் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை. நாளைக்குத் திருப்புவாள். தேநீர் இடைவேளையில் புதுக் கவர் பன்னிரண்டை எடுத்து மேஜையில் வைத்தேன். முன்பக்கம் எண் போட்டேன். பின்னால் திருப்பி, வெள்ளி 10.30 என்று முதல் கவரில் எழுதினேன். வீட்டுக்குப் போய்த் தூளை மாற்றிக்கொட்ட ஐந்து நிமிடம் போதும்.

“என்னண்ணே” என்றான் மாயவன், டீ கிளாசோடு வந்து எட்டிப் பார்த்து. “காலிக் கவருல மணி போடுறீங்க?”

அவன் கேலியாகத்தான் கேட்டான். சினிமா நாள் ஞாபகம் அவனுக்கும் இருந்திருக்கும். ஆனால் குத்திக்காட்டவில்லை, சத்தியமாக. எனக்குத்தான் காது மடல் சுட்டது. இரண்டாவது கவரைத் திருப்பினேன். பென்சிலை வைத்தேன். கை எழுதவில்லை. என்ன எழுத வேண்டும் என்பது நன்றாகத் தெரியும், கையும் நன்றாகத்தான் இருந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கவர் எழுதியிருப்பேன். பெரிய யோக்கியன் என்று நான் சொல்லவில்லை, வீட்டிலேயே வாய் கூசாமல் பொய் சொன்னவன்தானே. ஆனால் கவரில் எழுதியதில்லை. இது ஒன்றுதான் என்னிடம் சுத்தமாக இருந்தது. அதையும் அவளுக்கே எதிராகக் கொட்டப் பார்த்தேனே, சீ!

“வேற ஒரு வேலைக்குன்னு எடுத்தேன். வேண்டாம், விடு” என்று எழுதிய கவரைக் கிழித்தேன். மாயவன் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை முத்தமிழ் குளித்துவிட்டுக் கூடத்து மேஜையில் உட்கார்ந்தாள். அவளுக்கு மைப் பேனாதான் வேண்டும். எந்தக் காலத்திலும் அதுதான். புது நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். முதல் கட்டத்தில் ‘மின்தடை: இரண்டு நாள்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. நான் அலமாரியிலிருந்து பன்னிரண்டு கவரையும் எடுத்துவந்து அவள் முன்னால் கவிழ்த்து வைத்தேன், பின்பக்கம் மேலே தெரிய.

“வாயால சொன்னது பொய்யி, முத்து. இதுல இருக்கறதுதான் நெசம்.”

அவள் முதல் கவரைப் படித்தாள். இரண்டாவதை. மூன்றாவதை. பிறகு நாலாவதை எடுத்தாள்.

“கரண்ட் எப்பங்க வந்துச்சு?”

“வியாழக்கெழம காலையில பத்துக்குப் போச்சு, மூணேகாலுக்கு வந்துருச்சு.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கேதான். போன் பண்ணாததும் கரண்டு இல்லாததால இல்ல. உங்கிட்டக் கேக்கறதுக்குப் புடிக்கல.”

அவள் கவர்களை எடுத்து இரண்டாகப் பிரித்து வைத்தாள். ஒருபக்கம் மூன்று, ஒருபக்கம் ஒன்பது. அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது தூக்கி எறிந்திருந்தாலும் பரவாயில்லை. தெருவில் உப்பு விற்கிறவர் குரல் வந்து, நின்று, போய்விட்டது. அவள் பேனாவைத் திறந்து, முதல் கட்டத்தில் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தாள். ‘ஐந்தேகால் மணி நேரம்’ என்று மேலே எழுதினாள். மூன்றாம் வரிசைக்கும் நாலாம் வரிசைக்கும் நடுவில் அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்தாள்.

“வெயில் எப்படி இருந்துச்சு?” குரல் வறண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

“சுள்ளுனு இருந்துச்சு. மேகம் இல்ல.”

“எவ்ளோ தடிமனா பரப்புனீங்க?”

“தோசை கனம்.”

எழுதினாள். தூளின் அளவு, சலித்த சல்லடை, இரும்பு உரல், முருங்கை மரத்தடி என்று ஒன்றையும் விடவில்லை. நானும் எதையும் மறைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டது அன்றைக்குத்தான்.

“கருப்பு எவ்ளோ நேரத்துல வெளுத்துச்சு? சும்மா தோராயமா வேணாம்.”

“தோராயம் இல்ல, நல்லா தெரியும். அஞ்சாவது தாம்பாளம். மேல பழுப்பா ஆட கட்டிருச்சு. வெரலால ஒரு கோடு இழுத்தேன், அடியில இன்னும் கருப்பாவே இருந்துச்சு. சும்மா வெளையாட்டா வெரலாலயே எழுதுனேன். எழுத்து மட்டும் கருப்பா, சுத்தி பழுப்பா, பாக்க நல்லா இருந்துச்சு. ஆறாவதைப் பரப்பிட்டு வந்து பாக்குறேன், எழுத்தும் வெளுத்துருச்சு. இருவது நிமிசம் இருக்கும். கவருல ரெண்டு மணியும் இருக்கு, கழிச்சுப் பாரு.”

அவள் ஐந்தையும் ஆறையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதினாள். பேனா அங்கேயே நின்றது.

“என்ன எழுதுனீங்க?”

“எதுல?”

“சேத்துல.”

“உன் பேரு” என்றேன்.

நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அவள் சற்று நேரம் அந்த வரிசையைப் பார்த்தாள். பிறகு ஓரத்தில், மூன்றே சொற்கள் இருக்கும், சின்ன எழுத்தில் என்னவோ எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. மை இன்னும் ஈரமாகப் பளபளத்தது. அவள் நோட்டை மூடாமல் குனிந்து, அது காய்கிறவரை அந்த ஓரத்தின்மேல் மெல்ல ஊதிக்கொண்டே இருந்தாள்.